ஒரே பேரு, ரெண்டு கார்டு

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் பொட்டி சமாச்சாரம். தொழில்நுட்பப் பதிவுன்னு பயந்து ஓடிடாதீங்க. பெருக்கலும் கழித்தலும் தெரிஞ்சா போதும். அடியேன் கணினி படிச்சவன் இல்லை, கணக்கு எழுதிப் பொழைக்கிறவன். அதனால கணக்கா மட்டும்தான் எழுத வரும் :-)

எங்க ஊர்ல ஒரு தெருவுக்கு ரெண்டு மூணு பேர் இருக்கறது சகஜம். ஊருக்கே பாண்டி, புதுவை, புதுச்சேரின்னு மூணு பேராச்சே! ஜனங்க வைசியாள் வீதின்னு சொல்ற தெருவுக்கு இன்னொரு பேரு கல்வே சுப்பராய செட்டி வீதி. இப்ப நேரு வீதியா இருக்கறது பிரெஞ்சுக்காரங்க காலத்துல துய்ப்ளே வீதி. பீச் ரோடு, கடற்கரைச் சாலை, கூபேர் அவென்யூ எல்லாம் ஒண்ணுதான். எந்தப் பேரைச் சொன்னாலும் ஆட்டோக்காரர் சரியான எடத்துல இறக்கி விட்டுடுவார். குழப்பமே இல்லை.

ஆனா ஒரே பேர்ல ரெண்டு தெரு இருந்தா? ஒண்ணு அகலம், இன்னொண்ணு குறுகல். தபால்காரர் கதி என்ன ஆகும்? கிராபிக்ஸ் கார்டு வியாபாரத்துல அதுதான் நடக்குது. அட்டைப்பெட்டி மேல ஒரே பேரு, ஒரே நம்பர். உள்ள இருக்கறது வேற வேற கார்டு.

விஷயத்துக்கு வரேன். எங்க அக்கா பொண்ணு முத்தியால்பேட்டையில வீட்ல இருந்தபடியே வேலை பாக்குறா. பழைய வீடுகளை கெஸ்ட் ஹவுஸா மாத்தறாங்க இல்லையா, அந்த மாதிரி வேலை எடுக்கற காண்ட்ராக்டர்களுக்கு 3டி படம் போட்டுக் குடுக்கறது. முத்தம் இப்படி இருக்கும், தாழ்வாரத்துல வெளிச்சம் இப்படி விழும், தரையில ஆத்தங்குடி கல்லு போட்டா இப்படி இருக்கும்னு ஓனருக்கு முன்கூட்டியே காட்டற படம். பிளெண்டர்னு ஒரு இலவச மென்பொருள்லதான் செய்யறா. இருந்த பொட்டி ஏதோ ஆபிஸ்ல கழிச்சுக் கட்டின பழைய பொட்டி, ஆறாம் தலைமுறை ஐ5. கிராபிக்ஸ் கார்டே கிடையாது. பிராசஸரை மட்டும் வெச்சு ஒரு படம் வெந்து வர மூணு மணி நேரம். காண்ட்ராக்டர் போன் பண்ணி "தூண் கலரை மட்டும் கொஞ்சம் மாத்தும்மா"ன்னு சொல்வார். மறுபடியும் மூணு மணி நேரம். படம் லேட்டாச்சுன்னு ஒரு வேலை வேற ஆளுக்குப் போயே போச்சு.

2024 மே மாசம் எங்கம்மா சீட்டு எடுத்தாங்க. "புள்ளைக்கு அந்த கார்டோ என்னமோ, அதை வாங்கிக் குடுடா"ன்னு 22 ஆயிரத்தை எண்ணி என் கையில குடுத்தாங்க. பாட்டி காசு. வீணாச்சுன்னா இன்னொரு சீட்டு கிடையாது.

பொண்ணு ஏற்கனவே முடிவு பண்ணி வெச்சிருந்தா. ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3050. 2022-ல வந்த வீடியோ விமர்சனம் எல்லாம் பாத்து நோட்டுல குறிச்சு வெச்சிருந்தா. ரெண்டு கடையில விலைப்பட்டியல் வாங்கினோம். ஒண்ணுல 21 ஆயிரம், இன்னொண்ணுல 17 ஆயிரம். ரெண்டுலயும் "ஆர்டிஎக்ஸ் 3050"ன்னு மட்டும்தான் எழுதியிருந்தது.

"மாமா, அதே கார்டு, நாலாயிரம் கம்மி!"

"அதே கார்டுன்னா ஏம்மா நாலாயிரம் கம்மி?"

கணக்கு எழுதறவனுக்கு வர்ற முதல் கேள்வி அதுதானே. ஒரே சரக்குக்கு ரெண்டு வெலை இருந்தா, ஒண்ணு சரக்கு வேற, இல்லன்னா கணக்கு தப்பு. போன் போட்டுக் கேட்டா, 21 ஆயிரத்துக்காரர் 8 ஜிபி கார்டு, 17 ஆயிரத்துக்காரர் 6 ஜிபி கார்டு. "நினைவகம்தான் சார் ரெண்டு ஜிபி கம்மி, மத்தபடி ஒண்ணேதான்"னார் ரெண்டாமவர். மத்தபடி ஒண்ணு இல்லவே இல்லை. ராத்திரி உக்காந்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதினேன்:

3050, 8 ஜிபி: 2022 ஜனவரியில கடைக்கு வந்தது. 2560 குடா கோர். பூஸ்ட் வேகம் 1777 மெகாஹெர்ட்ஸ். நினைவகப் பாதை 128 பிட். மின்சாரம் 130 வாட். தனியா எட்டு முனை பவர் ஒயர் வேணும்.

3050, 6 ஜிபி: 2024 பிப்ரவரியில வந்தது. 2304 குடா கோர். பூஸ்ட் வேகம் 1470 மெகாஹெர்ட்ஸ். நினைவகப் பாதை 96 பிட். மின்சாரம் 70 வாட். தனி ஒயர் தேவையில்லை.

பாத்தீங்களா? நினைவகம் மட்டும் இல்லை, கோர், வேகம், பாதை, எல்லாமே வேற. உள்ள இருக்கற சில்லே பெரும்பாலும் வேற.

இப்ப பெருக்கல். குடா கோர்ங்கறது சின்னச் சின்னதா கணக்குப் போடற ஆளுங்கன்னு வெச்சுக்கங்க. ஒவ்வொருத்தரும் ஒரு துடிப்புக்கு ரெண்டு கணக்கு போடுவாங்க. 2560 பேர், தலைக்கு ரெண்டு, நொடிக்கு 177.7 கோடி துடிப்பு. பெருக்கினா நொடிக்கு சுமார் 9.1 லட்சம் கோடி கணக்கு. அதே மாதிரி 2304 பேர், தலைக்கு ரெண்டு, 147 கோடி துடிப்பு. வர்றது 6.8 லட்சம் கோடி.

அடுத்தது பாதை. இந்த ஆளுங்களுக்கு சரக்கு வந்து சேர வேணாமா? நினைவகத்துல இருந்து சில்லுக்குப் போற ரோடுதான் அந்த 128 பிட், 96 பிட் எல்லாம். 128 பிட்னா 16 பைட். ரெண்டு கார்டுலயும் நினைவகத்தோட வேகம் ஒயர் ஒண்ணுக்கு நொடிக்கு 14 கிகாபிட். 16-ஐ 14-ஆல பெருக்கினா நொடிக்கு 224 ஜிபி. 96 பிட்னா 12 பைட். 12-ஐ 14-ஆல பெருக்கினா 168 ஜிபி.

கணக்குத் திறன் முக்கால் பங்கு. ரோடு முக்கால் பங்கு. நினைவகம் முக்கால் பங்கு. எந்தப் பக்கம் பாத்தாலும் 6 ஜிபி கார்டு முக்கா கார்டுதான். ரெண்டாமவர் சொன்ன மாதிரி "ரெண்டு ஜிபி கம்மி" இல்லை, நாலுல ஒரு பங்கே கம்மி. விளையாட்டுகள்ல சோதிச்சவங்க சுமாரா அஞ்சுல ஒரு பங்கு வேகம் குறையுதுன்னு எழுதியிருக்காங்க. அது நொடிக்கு 60 ஃபிரேம் குடுத்தா இது 48 குடுக்கும்னு வெச்சுக்கலாம். பொண்ணு நோட்டுல குறிச்சு வெச்ச நம்பர் எல்லாம் 2022 கார்டோட நம்பர். 17 ஆயிரம் குடுத்து வாங்கறது வேற ஒண்ணு.

அப்ப 8 ஜிபி தானே வாங்கணும்? நாலாயிரம் கூடப் போட்டா முழு கார்டு. பொண்ணும் அதைத்தான் சொன்னா. முதல் கடைக்கு பழைய பொட்டியையே தூக்கிகிட்டுப் போனோம். தொறந்து பாத்தார். உள்ள 300 வாட் பவர் சப்ளை. எட்டு முனை ஒயரைக் காணோம். ஆபிஸ் பொட்டிக்கு அது எதுக்கு?

"பரவால்ல சார், சாட்டா ஒயர்ல கன்வெர்ட்டர் போட்டு ஓட்டிடலாம். நெறைய பேருக்குப் போட்டுக் குடுத்திருக்கோம்."

அங்கதான் கழித்தல் வருது மக்களே. மதர்போர்டு ஸ்லாட் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரலாம்னு விதி. 130-ல 75 போக மிச்சம் 55 வாட் ஒயர் வழியா வரணும். ஹார்டு டிஸ்குக்குப் போற சாட்டா பவர் முனை தாங்கறது 12 வோல்ட்ல 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 55 பெரிசா 54 பெரிசா? அதுவும் ஸ்லாட்டுல இருந்து முழு 75-ஐயும் உறிஞ்சினாத்தான் 55. நெசத்துல இந்த மாதிரி கார்டெல்லாம் ஸ்லாட்டுல கொஞ்சமா எடுத்துகிட்டு பெரும்பங்கை ஒயர்லதான் இழுக்கும். விளையாட்டுன்னா அப்பப்ப இழுத்து அப்பப்ப விடும். படம் போடற வேலை அப்படி இல்லை, ஆரம்பிச்சா முடியற வரைக்கும் முழு மூச்சு. ஹார்டு டிஸ்குக்குன்னு செஞ்ச மெல்லிசு முனை சூடாகி உருகினா? ரெண்டு வருஷ வேலை அந்த டிஸ்குலதான் இருக்கு. காப்பி எடுத்து வெச்சது பாதிதான்.

"பவர் சப்ளையவே மாத்திட்டா என்ன மாமா?"

கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா கம்பெனி ஆபிஸ் பொட்டிகள் பலதுல மதர்போர்டுக்குப் போற முனை அந்தக் கம்பெனிக்கே உரிய அளவு. கடையில கிடைக்கற சாதா பவர் சப்ளை அப்படியே சேராது. இந்தப் பொட்டியும் அந்த ஜாதிதான். நல்ல பவர் சப்ளை, அதுக்குத் தனி ஒயர், பத்தலைன்னா கேபினட்டுன்னு பட்டியல் நீளுது. 21 ஆயிரம்னு ஆரம்பிச்ச கார்டு 27 ஆயிரத்துல போய் நிக்குது. கையில இருக்கறது 22.

6 ஜிபி கார்டுக்கு வேண்டியது 70 வாட். ஸ்லாட் தர்றது 75. ஒயரே வேணாம். கார்டு செஞ்சவங்களே 300 வாட் பவர் சப்ளை போதும்னு சொல்றாங்க. பொட்டியில இருக்கறது சரியா 300. (ஒரு எச்சரிக்கை: குட்டி சைஸ் ஆபிஸ் பொட்டிகள் சிலதுல ஸ்லாட் 75 வாட் தராது, அதைவிடக் குறைச்சுதான் தரும். மேனுவலைப் பாத்துட்டு வாங்குங்க. இது பெரிய சைஸ் பொட்டி, மேனுவல்ல பாத்தாச்சு.)

ஆக, முக்கா கார்டையே வாங்கினோம், 17 ஆயிரத்துக்கு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் போனா இன்னும் கொறையுமான்னு ஒரு யோசனை வந்துச்சு. முன்னெல்லாம் பாண்டியில வரி கம்மின்னு வெளியூர்க்காரங்க இங்க வந்து சாமான் வாங்கிட்டுப் போவாங்க. 2017 ஜூலைல ஜி.எஸ்.டி. வந்தப்புறம் அங்கயும் 18 சதவீதம், இங்கயும் 18 சதவீதம். போக வர 300 கிலோமீட்டர் பஸ் சார்ஜுக்கு அது கட்டுப்படி ஆகலை. பில்லுல "3050 6 ஜிபி"ன்னு முழுசா எழுதச் சொல்லி, சீரியல் நம்பரையும் போடச் சொல்லி வாங்கிகிட்டேன்.

பலன்? மூணு மணி நேரம் வெந்த படம் 12 நிமிஷத்துல வந்துடுச்சு. பொண்ணு நம்பாம ரெண்டாவது தடவை போட்டுப் பாத்தா. 8 ஜிபி கார்டா இருந்தா, முக்கால் கணக்குப்படி, 9 நிமிஷத்துல வந்திருக்கும். சண்டை இப்ப 12-க்கும் 9-க்கும்தானே? 180-ல இருந்து எறங்கி வந்தவங்களுக்கு அந்த மூணு நிமிஷம் ஒரு டீ குடிக்கற நேரம்.

அதுக்காக 6 ஜிபி ஒசத்தின்னு கொடி பிடிக்க மாட்டேன். நினைவகம் இடிக்கத்தான் செஞ்சது. ஆத்தங்குடி கல்லு, சுண்ணாம்புச் சுவர், தேக்கு மரம்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு புகைப்படம் சுத்தி ஒட்டணும். 4கே படம்னா 4096 பெருக்கல் 4096 புள்ளி, புள்ளிக்கு நாலு பைட். ஒரு படத்துக்கே 64 எம்பி. அப்படி நூறு படம் சேர்ந்தா 6.4 ஜிபி. கார்டே 6 ஜிபி தானே! நினைவகம் பத்தலைன்னு முகத்துல அடிச்ச மாதிரி நின்னுடுச்சு. அப்புறம் அவளே யோசிச்சா. ஓரத்துல தெரியற ஓட்டுக்கும், கதவுக்குப் பின்னால இருக்கற சுவருக்கும் எதுக்கு 4கே? அதையெல்லாம் 2கே ஆக்கினா ஒண்ணுக்கு 16 எம்பிதான், நாலுல ஒரு பங்கு. இப்ப கண்ணுக்கு நேரா இருக்கற தரைக்கு மட்டும் 4கே, மத்ததுக்கு 2கே. காண்ட்ராக்டர் யாரும் இதுவரைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கலை. இதே வீட்டுக்குப் பதிலா ஒரு தெருவையே வரையற வேலைன்னா இந்த வித்தை எடுபடாது, 8 ஜிபிக்கு மேலதான் போகணும்.

70 வாட்டுன்னா கரண்ட் பில் பாதியாகுமே, அதைச் சொல்லலையேன்னு கேப்பீங்க. அதையும் பெருக்கிப் பாத்துட்டேன். 8 ஜிபி: 130 வாட், 9 நிமிஷம், 1170. 6 ஜிபி: 70 வாட், 12 நிமிஷம், 840. கார்டு மட்டும்னா இது லாபம். ஆனா அந்த நேரத்துக்கு பொட்டியோட மிச்ச பாகமும் மானிட்டரும் எரியுதே. அது தோராயமா 110 வாட்டுன்னு வெச்சா, 9 நிமிஷத்துக்கு 990, 12 நிமிஷத்துக்கு 1320. கூட்டுங்க. அதுவும் 2160, இதுவும் 2160. ஐந்தொகை டேலி ஆன மாதிரி அச்சா நிக்குது! கரண்ட் பில்லுல அஞ்சு பைசா லாபம் இல்லை. 70 வாட்டோட ஒரே லாபம், இருக்கற பொட்டியில, இருக்கற ஒயர்ல, பயமில்லாம ஓடும்ங்கறதுதான்.

அந்த 2160-ஐ 60-ஆல வகுத்தா படத்துக்கு 36 வாட் மணி. இந்த நம்பரோட அருமை 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் எங்க ஊர்ப்பக்கம் கரையேறினப்பத்தான் தெரிஞ்சுது. ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. பாண்டி தண்ணியில நின்னுச்சு. அக்கா வீட்டுத் தெருவுல ரெண்டு நாள் கரண்ட் இல்லை. பொண்ணுக்கு திங்கக்கிழமை மூணு படம் குடுக்கணும். ஓனர் பாம்பேக்காரர், அவருக்கு ஏது புயல்? வீட்ல இருந்தது 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி இன்வெர்ட்டர் பேட்டரி. காகிதக் கணக்குல 1800 வாட் மணி, கைக்கு வர்றது அதைவிடக் கம்மி. பழைய முறையில பிராசஸர்லயே வேக வெச்சிருந்தா 110 வாட், மூணு மணி நேரம், படத்துக்கு 330, மூணு படத்துக்கு 990. பேட்டரியில பாதிக்கு மேல காலி. கார்டுல மூணு படத்துக்கும் சேர்த்து 108. எங்கம்மா ஒண்ணரை மணி நேரம் ஃபேனை நிறுத்திட்டு விசிறியோட உக்காந்தாங்க. அம்புட்டுதான் செலவு. போன் சிக்னல் வந்த நேரமாப் பாத்து படத்தை அனுப்பிட்டா.

சரி, கம்பெனிக்காரங்க ஏன் இப்படி ஒரே பேரை ரெண்டு கார்டுக்கு வெக்கறாங்க? இது இன்னிக்கு நேத்து வந்த பழக்கம் இல்லை. கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன். 2002-ல வந்த ஜிஃபோர்ஸ்4 எம்எக்ஸ் 440 ஞாபகம் இருக்கா? பேர்ல நாலு. ஆனா 2001-லயே ஜிஃபோர்ஸ்3-ல இருந்த பிக்சல் ஷேடர் வசதி அதுல கிடையாது. 2016-ல ஜிடிஎக்ஸ் 1060: 6 ஜிபிக்கு 1280 கோர், 3 ஜிபிக்கு 1152. அங்கயும் "நினைவகம்தான் கம்மி"ன்னு நெனச்சு வாங்கினவங்க உண்டு. 2017-ல வந்த ஜிடி 1030-ல ரோடு நொடிக்கு 48 ஜிபி. அடுத்த வருஷம் அதே பேர்ல டிடிஆர்4 போட்டு ஒண்ணு விட்டாங்க. அதுல ரோடு 16.8. மூணுல ஒரு பங்கு ரோடு, பேர் மட்டும் முழுசு! ரேடியான்காரங்க மட்டும் யோக்கியமா? ஆர்எக்ஸ் 560-னு 1024 கோர்லயும் வித்தாங்க, 896 கோர்லயும் வித்தாங்க.

இதுல ஒண்ணே ஒண்ணு நம்ம பக்கம் ஜெயிச்சது. 2022 செப்டம்பர்ல என்விடியா ரெண்டு ஆர்டிஎக்ஸ் 4080 அறிவிச்சது. 16 ஜிபிக்கு 9728 கோர், 12 ஜிபிக்கு 7680 கோர். ஜனங்க போட்ட சத்தத்துல, பேர் சரியில்லைன்னு அவங்களே ஒத்துகிட்டு, அக்டோபர்ல 12 ஜிபியை வாபஸ் வாங்கிட்டாங்க. 2023 ஜனவரியில அது 4070 டிஐ-ங்கற பேர்ல வந்தது. ஆனா லட்ச ரூபாய் கார்டுக்குத்தான் அந்தச் சத்தம். அடுத்த வருஷமே 3050 6 ஜிபி வந்தப்ப, சீட்டுக் காசுல வாங்கறவங்களுக்காக யாரும் அந்த அளவுக்குக் கத்தலை. 6 ஜிபி மோசமான கார்டு இல்லை, அதுக்குன்னு ஒரு தேவை இருக்கு. அதுக்கு 3040-ன்னு ஒரு பேர் வெச்சிருந்தா எங்க பொண்ணு நோட்டுல தப்பான நம்பர் ஏறியிருக்காது.

ஆகவே மக்களே, கார்டு வாங்கப் போறவங்களுக்கு ஒரு கணக்கப்பிள்ளையோட நாலு வரி:

1. பேரைக் கேக்கறதுக்கு முன்னாடி எத்தனை ஜிபி, எத்தனை பிட்டுன்னு கேளுங்க. விமர்சனம் பாத்தா அதுவும் அதே ஜிபி கார்டுக்கானதான்னு பாருங்க.

2. எத்தனை வாட், எத்தனை முனை ஒயர்னு கேளுங்க. 75-க்கு மேலன்னா உங்க பவர் சப்ளையில அந்த ஒயர் இருக்கான்னு தொறந்து பாருங்க. சாட்டா கன்வெர்ட்டர்னு யாராவது ஆரம்பிச்சா, ஒரு கும்பிடு போட்டுட்டு கிளம்பிடுங்க.

3. கார்டு வெலையைப் பாக்காதீங்க, கார்டு ஓட ஆரம்பிக்கற வரைக்கும் ஆகற மொத்தச் செலவைப் பாருங்க.

4. பொட்டியில 450, 550 வாட் நல்ல பவர் சப்ளையும் எட்டு முனை ஒயரும் ஏற்கனவே இருந்தா, முக்கா கார்டு வாங்காதீங்க. 2025-ல வந்த ஆர்டிஎக்ஸ் 5050-ம் 130 வாட்தான், 8 ஜிபி, ரோடு 320 ஜிபி. அந்த வழி உங்களுக்கு.

பொண்ணு இப்ப கார்டுக்கான 17 ஆயிரத்தை பாட்டிக்குத் திருப்பிக் குடுத்துட்டா. எங்கம்மா அதை மறுபடியும் சீட்டுல போட்டிருக்காங்க.

டிஸ்கி: மேல சொன்ன கடை விலை 2024-ல எங்களுக்குச் சொன்னது. நீங்க போறப்ப மாறியிருக்கும். வாட்டும் பிட்டும் மாறாது.